சண்முகத்தாய் பேரில் ஒரு கட்டி

காலை ஐந்தரை மணிக்கு உத்தமபாளையத்தில் சண்முகத்தாய் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் கோலாலம்பூரில் ரஹ்மத்துக்கு வேலை ஓடும். விளையாட்டுப் பேச்சில்லை. ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் ஓடியது.

ரஹ்மத் சென்னைக் கம்பெனி ஒன்றின் சம்பளக்காரி. அமெரிக்காவில் எவரெவரோ ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, இன்சூரன்ஸில் பணம் கேட்டு அனுப்புகிற மனுக்களைக் கம்ப்யூட்டரில் படிக்க வேண்டும். கொடுக்கலாமா, தள்ளலாமா என்று குறிக்க வேண்டும். தள்ளுவதில் அவள் படு கெட்டிக்காரி. பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததா, தள்ளு. பேர் ஒன்று, ஆள் ஒன்றாக இருக்கிறதா, தள்ளு. மாதத்துக்கு இத்தனை தள்ளினாள் என்று கம்பெனியில் பாராட்டிக் கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள். அது அவளைப் பெற்ற அத்தா பக்கீர் முகம்மது வீட்டு அலமாரியில் திராட்சைச் சங்கத்துக்காரர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

மகள் சானியா பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். வீடு என்றால் உத்தமபாளையத்து வீடு. நோயாளிகளின் விவரம் இந்தியாவைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. ஆனால் புருஷன் ஹக்கீம் இருந்ததோ கோலாலம்பூரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் சூப்பர்வைசராக. மூன்று வருடம் போனிலேயே குடும்பம் நடத்திப் பார்த்தாள். யாருக்குத்தான் அலுக்காது? 2008-ல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கம்ப்யூட்டரை மட்டும் ஊரிலேயே, திராட்சைப் பெட்டி அடுக்கும் பின்னறையில் விட்டுவிட்டுப் போனாள். அங்கிருந்தபடியே இண்டர்நெட் வழியாக இந்தக் கம்ப்யூட்டரை இயக்கினாள். கம்பெனியைப் பொறுத்தவரை அவள் உத்தமபாளையத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் செத்துவிடும். அந்த வருடம் கரண்ட் போகாத நாள் ஏது? அதனால்தான் சண்முகத்தாய். பக்கீர் முகம்மதுவின் திராட்சைத் தோட்டத்தில் பழம் கத்தரிக்கிறவள். பத்து வயசிலிருந்து அந்த வீட்டோடு கிடக்கிறவள். பொத்தானை அமுக்கிவிட்டு, "பச்ச லைட்டு எரியுது பாப்பா, ஆரம்பிச்சுக்க" என்று போனில் சொல்வாள். தோட்டத்துப் பெண்களிடம், "மலேசியாவுக்கே நாந்தாண்டி சுவிச்சு போடுறேன்" என்று பெருமையடிப்பாள்.

எல்லாம் சரி. நோய் வந்தால்? ஹக்கீமின் பெர்மிட்டில், வேலை செய்யும் இடத்தில் அவனுக்குக் கை கால் முறிந்தால்தான் காசு. பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. வெளிநாட்டாருக்கு அங்கே ஆஸ்பத்திரிச் செலவு கேட்டாலே மயக்கம் வரும். ரஹ்மத்தின் கம்பெனி பாலிசி நல்ல பாலிசிதான், புற்றுநோய் வரைக்கும் தாங்கும். ஆனால் இந்தியாவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மட்டும். "இருக்குறது இங்கன, காப்பீடு அங்கன. நோவு வந்தா முதல்ல டிக்கெட் போடணும்" என்று ஹக்கீமிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

2009 மே மாதத் தொடக்கத்தில் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. வலிக்கவில்லை. கடலை அளவுதான்.

வீட்டுக்கு அருகே இருந்த கிளினிக்கில் சீனத்து டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். வேறொருத்தியாக இருந்தால் அந்தக் கடிதத்தைக் கண்டு அழுதிருப்பாள். ரஹ்மத் அதில் தேதியைப் பார்த்தாள். நோய் முதன்முதலில் எங்கே, எப்போது தெரிந்தது என்பதுதான் பாலிசிக்காரன் கேட்கும் முதல் கேள்வி. கோலாலம்பூர் என்று ஒரு காகிதத்தில் இருந்தால் போதும், பாலிசியும் போகும், வேலையும் போகும். கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அந்த வாரமே சானியாவோடு ஊருக்கு வந்து இறங்கினாள். முதல் பரிசோதனை தேனியில், தன் பேரில், புதுக் காகிதத்தில். எல்லாம் கணக்காகப் போட்டு வைத்திருந்தாள்.

அத்தாவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

வீட்டில் தங்கை பெனாசிருக்கு நிக்காஹ் குறித்திருந்தார்கள். ஜூன் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை ஷானவாஸ் சின்னமனூர்க்காரன், அபுதாபியில் நல்ல கம்பெனியில் இருந்தான். அம்மா ஏழு வருடத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டாள். தாயில்லாப் பிள்ளைக்குத் தேடி வந்த சம்பந்தம் என்று பக்கீர் முகம்மது தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார். ரஹ்மத் கட்டியைப் பற்றிச் சொன்னதும் அந்த மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு முதல் வார்த்தையாகக் கேட்டது, "வேற யாருக்கும் தெரியுமா?" என்பதுதான்.

மே மாதம் பாதியில் தேனிக்குக் கிளம்பினார்கள். ஆம்னி வேனை அத்தாவே ஓட்டினார். துணைக்குச் சண்முகத்தாய். வீரபாண்டி தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"ரஹ்மத்தும்மா, அந்தப் புர்காவக் கழட்டிரு."

அவளுக்குக் காதில் விழுந்தும் விளங்கவில்லை. பருவமடைந்த நாளிலிருந்து அதைப் போடச் சொல்லி அதட்டிய வாய் அது.

"ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குற புள்ள மாப்பிள்ள வீட்டுக்குச் சொந்தம். விசாரிச்சுட்டேன். நம்ம பேரக் குடுத்தா சாயந்தரம் சின்னமனூர் போயிரும். அக்காளுக்கு இந்த நோவுன்னா தங்கச்சியத் தொடுவாகளா? மதுரைன்னா ராத் தங்கணும், ஊரே ஏன்னு கேக்கும். சண்முகத்தாய் பேரக் குடுத்துர்றேன். ஒரே ஒரு டெஸ்ட்டுதானே. நிக்காஹ் முடியட்டும், பெறகு ஒன் பேருலயே எல்லாம் பாத்துக்கலாம்."

சண்முகத்தாய் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "எம் பேரா மொதலாளி? எனக்கு ஒண்ணுமில்ல, பாப்பாவுக்கு ஆகும்னா எழுதிக்கங்க" என்றாள்.

ரஹ்மத் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். ஆயிரம் மனுக்களைத் தள்ளியவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவளும் ஒரு கணக்குப் போட்டாள். ஊசியில் துளி சதை எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏதாவது வந்தால் மதுரையில் போய்த் தன் பேரில் இன்னொரு தடவை ஊசி போட்டுக்கொள்ளலாம். பெனாசிரின் முகமும் கண்ணுக்குள் வந்தது. புர்காவைக் கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டாள். கோடாலிக் கொண்டையும் நூல் சேலையுமாக ஆஸ்பத்திரிக்குள் போனபோது கழுத்தில் பட்ட காற்றே அவமானமாக இருந்தது.

"சண்முகத்தாய், முப்பத்தெட்டு வயசு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். பழக்க தோஷத்தில் நிஜச் சண்முகத்தாய் எழுந்துவிட்டாள். அத்தா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "நீ இல்ல, ஏ கூறுகெட்டவளே, நீ இல்ல" என்று பல்லைக் கடித்தார். ரஹ்மத் எழுந்து போனாள். உள்ளே கூட்டிப்போகும் முன் சம்மதக் காகிதத்தில் அத்தா கையெழுத்துப் போட்டார். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'முதலாளி' என்று எழுதினார்.

உள்ளே வலி தெரியாமலிருக்க என்று மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது மார்பில் பெரிய கட்டுப் போட்டிருந்தது. ஊசி குத்திய இடத்துக்கு இவ்வளவு பெரிய கட்டா?

"ஊசி இல்லம்மா. சின்னக் கட்டிதானேன்னு டாக்டரு முழுசா அறுத்து எடுத்துட்டாரு. டப்பாவுல போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியாச்சு. நல்லதுதானே, தொந்தரவு விட்டுச்சு" என்றார் அத்தா சந்தோஷமாக.

ரஹ்மத்துக்கு மயக்கமெல்லாம் ஓடிவிட்டது. கட்டியையே எடுத்தாகிவிட்டது. இனி எந்த ஊரில் போய் எதில் ஊசி குத்துவது? அவள் உடம்பிலிருந்த ஒரே அத்தாட்சி சண்முகத்தாய் பேர் ஒட்டிய டப்பாவில் போய்விட்டது. "என்ன காரியம் பண்ணிட்டீக அத்தா" என்றாள். அவர் அவளுக்கு இளநீர் வாங்கி வரப் போனார்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். அப்போது வீட்டில் பந்தல்காரன் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

நிக்காஹ் முடியட்டும் என்றார் அத்தா. ரஹ்மத் பதினோரு நாள் காத்திருந்தாள். கையில் மருதாணி வைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்குப் பிரியாணித் தட்டு நீட்டினாள். போட்டோவுக்குச் சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நோய்நொடி இல்லாத குடும்பம்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம்" என்றபோதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகு பல நாள் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனாள், இந்தத் தடவை ரஹ்மத்தாகவே. நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டர் தேனியிலிருந்து வந்த, கட்டியின் சதை ஒட்டிய கண்ணாடித் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே இன்னொரு ஆபரேஷன் செய்தார். சுற்றியிருந்த சதையையும் அக்குளிலிருந்ததையும் எடுத்துச் சோதித்ததில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று வந்தது. பரவியிருக்கவில்லை. இருந்தாலும் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார். நல்ல சேதிதான். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். சொன்ன கையோடு அவளுக்குள் இருந்த தள்ளும் கெட்டிக்காரி விழித்துக்கொண்டாள். ரஹ்மத் பேரில் இருக்கும் காகிதம் நோய் இல்லை என்கிறது. நோய் இருக்கிற காகிதம் சண்முகத்தாய் பேரில் இருக்கிறது. இந்த மனு தன் மேஜைக்கு வந்தால் ஒரு நிமிஷத்தில் தள்ளியிருப்பாள்.

அவளுடைய பாலிசிக்காரர்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா? தள்ளினார்கள். கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்க்கும் மாரீஸ்வரி போன் பண்ணினாள். போடிக்காரி, நல்ல மனசு.

"ரஹ்மத், நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். ஒரே ஒரு வழிதான் இருக்காம். தேனியில கையெழுத்துப் போட்டுச் சேத்தவரு, பேர மாத்திக் குடுத்தது நாந்தான், ஆள் என் மகதான்னு நோட்டரி முன்னால எழுதிக் குடுக்கணும். செப்டம்பர் பதினெட்டு கடைசி. தப்புச்சுன்னா ஃபைல மூடிருவாக. மூடுனா மூடுனதுதான். ஆமா, நீ ஊர்லயேதானே இருந்த? நடுவுல எங்கயும் போகலயே?"

"ஊர்லதான் இருந்தேன்" என்றாள் ரஹ்மத். சண்முகத்தாய் அமுக்கிய பொத்தான் அவளைக் காப்பாற்றியது. இருந்த இடத்தைப் பற்றித் தானும் பொய் சொன்னவள்தான், அது அவளுக்கு உறைக்காமல் இல்லை. அந்தப் பொய் யாரையும் கொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அத்தாட்சிப் பத்திரத்தை அவளே கம்ப்யூட்டரில் அடித்தாள். ஒரே பக்கம். அதில் அத்தா ஒரு கையெழுத்துப் போட்டால் இதுவரை ஆன செலவும் இனி ஆகப்போகும் செலவும் பாலிசியில் வந்துவிடும். போடாவிட்டால் மூன்று ஊசிக்கு மேல் கைக்காசு தாங்காது. நகை போய்விட்டது. ஹக்கீம் இரண்டு வேலை பார்த்தான். "நான் வந்துர்றேன்" என்பான் போனில். "வந்து? ரெண்டு பேரும் சேந்து இங்கன ஒக்காந்து அழுகவா?" என்பாள்.

பத்திரத்தைப் பார்த்த பக்கீர் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். "போட்ருவோம். போடாம என்ன? பெனாசிரு புது வீட்டுல கொஞ்சம் காலு ஊனட்டும்."

ஆகஸ்ட் போனது. ரஹ்மத்தின் தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. சானியா அதைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்தாள், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் அதே பின்னறையில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களின் மனுக்களைப் பார்த்தாள். வேலையை விட்டால் பாலிசியும் சேர்ந்து போகும். பொத்தானை இப்போது அவளே அமுக்கிக்கொண்டாள்.

நோன்பு மாதம் பிறந்தது. கூடவே சின்னமனூரிலிருந்து பெனாசிர் உண்டாகியிருக்கிறாள் என்று சேதியும் வந்தது. ரஹ்மத் மறுபடியும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"புள்ள பொறக்கட்டும்மா" என்றார் அத்தா.

அன்றைக்குத்தான் அவளுக்கு வாய் திறந்தது. "புள்ள பொறந்தா அதுக்கு முடி எறக்கட்டும்பீக. பெறகு ரெண்டாவது பொறக்கட்டும்பீக. நான் எப்ப அத்தா பொழைக்கிறது? எங்கன போயி பொழைக்கிறது? இங்கன நோட்டரிட்டப் போக வெக்கமா இருந்தா மதுரைக்கு வாங்க. ஒரு கையெழுத்து. அரை நாள் வேல."

"மதுரன்னா என்ன, காகிதம்னா கை மாறும். அவுக காதுக்குப் போச்சுன்னா புள்ளத்தாச்சியக் கொண்டாந்து வாசல்ல விட்ருவாக. செலவுதானே? ரோட்டடிக் காட்ட வித்துத் தர்றேன்."

"அந்தக் காட்டத்தான் பெனாசிருக்கு எழுதிக் குடுத்துட்டீகளே!"

அவருக்கு நோன்பில் உதடு காய்ந்திருந்தது. நியாயம் சொல்கிற மாதிரிதான் சொன்னார், நிஜமாகவே அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "ஒங்கம்மாவுக்கு வந்தப்பவும் நான் வாயத் தொறக்கல. காச்சல்னு சொல்லித்தான் அடக்குனேன். அதுனாலதான் ஹக்கீமு வீட்டுல ஒன்னய எடுத்தாக. நீ வாழ்ந்தது அப்படித்தான். அவளும் வாழட்டும்."

ரஹ்மத் பத்திரத்தைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கு இதுவா?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

அம்மாவுக்கு இதுதான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் வருடா வருடம் பரிசோதித்திருப்பாளே! கட்டி கடலை ஆகும்முன் பிடித்திருப்பாளே! அம்மா படுக்கையில் கிடந்தபோது அவள் சென்னையில் இருந்தாள், அவளுக்கும் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அத்தாவை அவள் வெறுத்தாள். மரியாதைக்காக அதை வேறு பேரில் சொல்லிக்கொள்ளவில்லை. வெறுப்புதான்.

சண்முகத்தாய் நாலு நாளாகத் தோட்டத்துக்கு வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது. ரஹ்மத் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. கடமலைக்குண்டுலருந்து எம் மகளுக்கு ஒரு எடம் வந்துச்சுல்ல, பூ வைக்க நாள் பாத்தோமே. அவுக வேற எடம் பாத்துக்கிட்டாகளாம்."

"ஏங்க்கா?"

"எனக்குப் புத்துநோயாம்ல" என்று சண்முகத்தாய் சிரிக்கப் பார்த்தாள். "தேனி ஆஸ்பத்திரியில கூட்டுற பொம்பள அவுக ஊர்க்காரி. ஏட்டுல எம் பேரும் ஊரும் பாத்துருக்கா. தாயிக்கு இருந்தா மகளுக்கு வரும்னு சொல்லிட்டாகளாம். கொழாயடியிலகூட எங் கொடத்தத் தள்ளி வைக்கிறாளுக, தொட்டா ஒட்டிக்கிருமாக்கும்."

ரஹ்மத் எழுந்தேவிட்டாள். "வண்டியப் பிடி. இப்பவே கடமலைக்குண்டு போவோம். எந் தலையத் தொறந்து காட்டுறேன் அவுகளுக்கு."

"சும்மா இரு பாப்பா." சண்முகத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "நீ போயிச் சொன்னா பெனாசிரு பாப்பா கதி? வயித்துல புள்ளையோட இருக்கா. எம் மகளுக்கு இன்னொரு எடம் வராமயா போகும்." அவள் மகள் வயசுக்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அது இரண்டாவது இடம்.

செப்டம்பர் பதினெட்டு வெள்ளிக்கிழமை வந்தது. பத்திரம் கீபோர்டுக்கு அடியில் இருந்தது. காலையில் ஒரு தடவை, ஜும்மா முடிந்து வந்ததும் ஒரு தடவை, ரஹ்மத் அத்தா முன்னால் போய் நின்றாள். வாயால் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் எதற்கு நிற்கிறாள் என்று. "நோன்பு வச்சுக்கிட்டு கோர்ட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றியாம்மா?" என்றார். ஐந்து மணிக்கு மாரீஸ்வரி போன் செய்தாள். ஆறு மணிக்கு இன்னொரு தடவை செய்தாள். அதன் பிறகு செய்யவில்லை.

திங்கட்கிழமை பெருநாள். பெனாசிர் தாய்வீட்டுக்கு வந்தாள். முகம் பொலிவாக இருந்தது, இன்னும் வயிறு தெரியவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தாள்.

"அக்கா, அவுக அனுப்பிருக்காக. அபுதாபிக்குப் போறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் போடணுமாம், அது இல்லாம விசா குடுக்க மாட்டாகளாம். பிரசவத்துக்கும் அதுலதான் வரும். ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நெரப்பிக் குடு."

அத்தா சாய்வு நாற்காலியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ரஹ்மத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சத்தமாகப் படித்தாள். "தாய்க்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ புற்றுநோய் இருந்தது உண்டா?"

"இல்லன்னு போடு" என்றார் அத்தா.

பெனாசிர் அக்காளின் முக்காட்டைப் பார்த்தாள். முன்நெற்றியில் ஒரு முடிகூட இல்லாததைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள் ரஹ்மத்.

"தெரியும்க்கா. கொல்லைக் கதவு பக்கம் நின்னு அத்தாவும் நீயும் பேசுனதக் கேட்டேன். நிக்காஹுக்கு முந்துன நாளே தெரியும்."

தெரிந்தும் மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஹ்மத்துக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"இல்லன்னு போட்டா என்னக்கா ஆகும்?"

"இப்ப ஒண்ணும் ஆகாது. பின்னால ஒனக்கு ஏதாச்சும் வரும்ல, அன்னைக்கு ஆகும். இன்சூரன்ஸ்காரன் தோண்டுவான். அம்மா மவுத்து, எங் கட்டி, எல்லாத்தையும் தோண்டி எடுப்பான். மொதல்லயே பொய் சொன்னேன்னு ஒரு பைசா குடுக்காம தள்ளுவான். என்னைய மாதிரி ஒருத்தி எங்கனயோ ஒக்காந்து ஒன் காகிதத்தப் பாத்து, ஒரு நிமிசத்துல தள்ளிருவா."

பெனாசிரின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அப்ப உள்ளதயே எழுதிரு அக்கா."

ரஹ்மத் எழுதினாள். உண்டு. தாய். அக்கா. பேர் எழுதச் சொல்லிப் படிவத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அக்கா என்பதற்குப் பக்கத்தில் ரஹ்மத் என்று பெரிய எழுத்தில் எழுதினாள். வீட்டார் அறிய அவள் நோய்க்குப் பக்கத்தில் அவள் பேர் இருந்த முதல் காகிதம் அது. எழுதி முடித்ததும் சண்முகத்தாயின் நினைப்பு வந்தது.

அத்தா எழுந்து வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். ரஹ்மத் சண்டைக்குத் தயாரானாள்.

"இப்படி எழுதுனாத்தான் இவளுக்கு நல்லதா?" என்றார்.

"ஆமா அத்தா" என்றாள் பெனாசிர்.

"சரி. இருக்கட்டும். மாப்பிள்ளை கேட்டா நான் பேசிக்கிறேன். நல்ல புள்ள, புரிஞ்சுக்கிருவாரு."

அடப் பாவி மனுசா! நாலு மாதமாக இந்த ஒரு வார்த்தைதானே வேண்டியிருந்தது! ரஹ்மத் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளமும் இல்லை, வெட்கமும் இல்லை. பெனாசிருக்கு உண்மை தேவைப்பட்டது, அதனால் உண்மை சொல்லலாம், அவ்வளவுதான் அவருக்கு.

"கடைசிப் பக்கத்துல சாட்சி ஒருத்தரு கையெழுத்துப் போடணும்" என்றாள் ரஹ்மத். "எழுதுனதெல்லாம் நெசம்னு."

பக்கீர் முகம்மது சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோட்டின் மேல் முழுப் பேரையும் நிறுத்தி எழுதி, அடியில் தேதியும் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போட்டு முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போல. பேனாவை மூடாமல் ரஹ்மத்தைப் பார்த்தார். "ஒன் பத்திரம் எங்கம்மா? கொண்டா, அதுலயும் போட்டுர்றேன். இனி ஒளிக்க என்ன இருக்கு?"

"வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுருச்சு அத்தா."

"ரெண்டு மூணு நாளு முன்னப் பின்ன ஆனா என்ன? சொன்னாக் கேக்க மாட்டாகளா?"

"மாட்டாக. நானா இருந்தாலும் கேக்க மாட்டேன்."

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். பெனாசிரின் படிவத்தை மடிப்புக் கலையாமல் கவரில் போட்டு, ஓரத்தை ஒட்டி, அவள் கையில் கொடுத்தாள்.